செவ்வுண்ணியும் சரசுவின் பெட்டியும்

1

எழும்பூரில் போட் மெயிலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு பத்து வருஷமாகிறது. பத்து வருஷம் ஒரு பட்டினத்தில் குடியிருந்தவன் ஊர்ச் சனத்துக்கு நாலு வரி எழுதாவிட்டால் நன்றிகெட்டவன் என்று பெயர் வரும். ஆனால் என்னத்தை எழுத? கடற்கரையைப் பற்றியும் டிராம் வண்டியைப் பற்றியும் கச்சேரிகளைப் பற்றியும் எனக்கு முந்தி வந்தவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு மிஞ்சினது ஒரு உண்ணி. கடுகொன்றை நகத்தால் அழுத்தித் தட்டையாக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். சிவப்பு நிறம். தேனீயின் முதுகில் குந்தியிருக்கும்.

சிரிக்கிறவர்கள் தாராளமாய்ச் சிரியுங்கோ. அந்த உண்ணியால் என் மகள் சரசு பன்னிரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளுடைய தேனீக் கூட்டைக் கொல்லவா விடவா என்று அரசாங்கக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் யாரென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மயிலாப்பூர்க் குளத்துக்குக் கிட்ட ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். யாழ்ப்பாணத்தில் மிஷன் ஆசுப்பத்திரியில் மருந்து கலக்கப் பழகினவன். எந்த வருத்தத்துக்கும் எங்கேயோ ஒரு போத்தலில் மருந்து இருக்கிறது என்பது என் கொள்கை. என் மனிசி கனகம் இதைக் கொள்கை என்று ஒப்புக்கொள்வதில்லை. விசர் பிடித்துவிட்டது என்பாள்.

முதலில் மாட வீதியில்தான் வீடு தேடினேன். ஒரு மாமி வாசலுக்கு வந்து எல்லாம் வடிவாய் விசாரித்துவிட்டு, "மீன் சாப்பிடுவேளோ?" என்று கேட்டா. சாப்பிடுவோம் என்றேன். "தப்பா நெனச்சுக்காதேங்கோ, எங்காத்துல அது சரிப்படாது" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோரும் தந்து, அடையாற்றுப் பக்கம் தோப்புகளுக்குள் வீடு கிடைக்கும் என்று வழியும் காட்டி அனுப்பினா. இல்லை என்ற சொல்லை இப்படி வயிறு குளிரச் சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது. அப்படிக் கிடைத்ததுதான் ஆற்றுக்குத் தெற்கே தென்னைகளுக்கு நடுவில் இந்த ஓட்டு வீடு. சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறேன்.

2

எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருகிற ஆள் அஞ்சலை. குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வருவாள். கூடையை இறக்கும்போதே பேச்சையும் இறக்குவாள். "இன்னா கம்பவுண்டரம்மா, சங்கரா கீது, வஞ்சிரம் கீது, இன்னா ஓணும்?" முதல் வருஷம் கனகத்துக்கு அவள் சொல்வதில் பாதி விளங்கவில்லை. கனகம் சொல்வதில் அஞ்சலைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இரண்டு பேரும் மீனைத் தூக்கித் தூக்கிக் காட்டியே சிநேகிதமாகிவிட்டார்கள்.

நாங்கள் வந்தபோது சரசுவுக்கு மூன்று வயது. இப்போது பதின்மூன்று. அவளுடைய தமிழ் முழுக்க அஞ்சலையின் கூடைக்குள்ளிருந்து வந்தது. ஊரில் பிள்ளைகள் தகப்பனை ஐயா என்று கூப்பிடுவார்கள். இவள் ஐந்து வயதில் ஒருநாள் என்னை "நைனா" என்று கூப்பிட்டாள். கனகம் அகப்பையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஐயாவுக்கும் நைனாவுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் அப்பாவில் சமாதானமானோம். போன முறை ஊருக்குப் போனபோது மச்சாள்மார் அவளைச் சுற்றி நின்று, "இன்னொருக்காச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லு" என்று அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அழப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் அழவில்லை. திரும்பி வரும் ரயிலில், "அவங்க பேசறதுதாம்பா வேடிக்கையா கீது" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

தேனீ எங்களிடம் வந்ததும் அஞ்சலையால்தான். தோப்பிலிருக்கும் பாழ்கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் இரண்டு கூடுகள் இருந்தன. ஊரில் என்றால் என்ன செய்வோம்? ஓலையைப் பந்தமாய்க் கட்டிச் சூள் கொளுத்திப் பிடித்து, ஈயைக் கருக்கி, தேனைப் பிழிந்துகொண்டு, மிச்சத்தை எறும்புக்கு விட்டுவிட்டு வருவோம். நானும் சூள் பிடித்தவன்தான். இங்கேயும் அதைத்தான் செய்யப் போனேன். அஞ்சலையின் புருஷன் என்னை விலக்கிவிட்டு, வெறுங்கையால் அடையை அறுத்து, மரச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ராணி ஈயையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தான். ஏழெட்டுக் கொட்டு வாங்கினான். "கடிச்சா கடிச்சிக்கினு போவுது சாமி. அதுங்க ஊட்ட நாமதான பிரிச்சோம்" என்றான். கொட்டினவர்கள் பக்கம் நின்று நியாயம் பேசுகிற ஒரு மனிதனை நான் அன்றுதான் கண்டேன்.

ஒரு பெட்டி எனக்கு. மற்றது சரசுவுக்கு. சரசு தன் பெட்டியின் பக்கப் பலகையில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதிக்கச் சொன்னாள். வெளிச்சம் படாமல் அதற்கு மேல் ஒரு துணித் திரை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திரையை விலக்கிக்கொண்டு குந்திவிடுவாள். கூப்பிட்டால் காது கேளாது.

3

உண்ணியை முதலில் கண்டது என் பெட்டியில். ஆண் ஈக்கள் கனக்கப் பிறக்கிற பருவம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை பெட்டியைத் திறந்தால், ஒரு கொழுத்த ஆண் ஈயின் முதுகில் சிவப்பாய் ஒன்று. இன்னொன்றிலும். டிஸ்பென்சரியிலிருந்து கொண்டு வந்த பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எட்டுக் கால். நண்டைச் சின்னதாக்கினது போல் ஒரு சீவன்.

எங்கள் டாக்டரிடம் வருகிற ஒரு துரை, வாசித்து முடித்த தேனீச் சஞ்சிகைகளை எனக்குத் தருவார். சீமையில் ஈக்களுக்கு உண்ணி நோய் வந்து கூடுகூடாய் அழிந்ததென்றும், காரமான எண்ணெய்களின் ஆவியைப் பிடித்தால் உண்ணி சாகுமென்றும் அதில் வாசித்திருந்தேன். அந்த உண்ணி ஈயின் மூச்சுக்குழலுக்குள் இருப்பது, கண்ணுக்கே தெரியாதது. என்னுடையது முதுகில் வெளிச்சமாய்க் குந்தியிருக்கிறது. இரண்டும் வேறு என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. உண்ணி என்று ஒரு சொல்லும் மருந்து என்று ஒரு சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும், கை தானாகப் போத்தலைத் தேடும்.

சுளுக்குக்குத் தடவுகிற விண்டர்கிரீன் எண்ணெய் வீட்டில் இருந்தது. பஞ்சில் நனைத்தேன்.

"அப்பா, அதுங்க நல்லாத்தானே பறந்துக்கினு கீதுங்க. இன்னாத்துக்கு மருந்து?" என்றாள் சரசு.

"கீதுங்க எண்டு சொல்லாதை. இருக்குதுகள் எண்டு சொல்லு" என்று உள்ளேயிருந்து கனகம்.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று நான்.

பஞ்சை உள்ளே வைத்து, வாசலையும் பாதி அடைத்தேன். மெட்ராஸ் வெயில் உங்களுக்குத் தெரியாது. குளிர் தேசத்துக்குச் சொன்ன அளவை இந்த வெயிலில் வைத்தால் அது மருந்தில்லை, சித்திரவதை. மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது வெளியே பெரிய இரைச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் என் கூடு முழுக்க வெளியே வந்துவிட்டது. தென்னைகளுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஆற்றைத் தாண்டி வடக்கே போய்விட்டது. நான் எச்சில் கையோடு நின்றேன். நம்முடைய நாட்டு ஈ இதைப் பொறுக்காது. வீடு பிடிக்காவிட்டால் அடையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போய்விடும் என்று எல்லாம் முடிந்து பேந்துதான் அறிந்தேன்.

பெட்டிக்குள் குஞ்சுகள் மட்டும் கிடந்தன. சரசு அதை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய், நான் கேட்கும்படியாகத் தாயிடம் சொன்னாள்: "அம்மா, அப்பாகிட்ட சொல்லிடு. என் பெட்டிய அவர் தொடக்கூடாது."

அன்றோடு அவள் என்னோடு கதைப்பது நின்றது.

4

அவளுடைய பெட்டியிலும் உண்ணி இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன நேரம் திரையை விலக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். கள்ளன் மாதிரித்தான் பார்த்தேன். சரி, இனி என் சொந்தப் புத்தியில் ஒன்றும் செய்யக்கூடாது, படித்தவர்களைக் கேட்போம் என்று ஒரு அரசாங்க ஆபீசுக்குப் போனேன்.

முதல் மேசையில், "மாட்டுக்கா, குதிரைக்கா?" என்று கேட்டார்கள். ஈக்கு என்றேன். ஈ என்றால் சுகாதாரம் என்று மேல்மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே, கடிக்கிற ஈயா கொட்டுகிற ஈயா என்று விசாரித்துத் திரும்பவும் கீழே அனுப்பினார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா அன்பாய் உட்காரவைத்து, விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எழுதித் தரச் சொன்னார். சொந்த ஊர் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதினேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "அப்போ ஈயும் சிலோன்லேர்ந்து வந்ததா சார்? அப்படின்னா வேற படிவம்" என்றார். ஈ அடையாற்று ஈ, நான்தான் வெளியூர் என்று விளங்கப்படுத்தி வர மத்தியானமாகிவிட்டது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. நீர் சொல்லும் உண்ணி எங்கள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத உண்ணி கண்ட கூட்டைக் கந்தகப் புகையிட்டு அழிப்பது நல்லது. பதினைந்து நாளுக்குள் இத்துடனிருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்புக.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரசாங்க முத்திரை உள்ள கடதாசி என்றால் நாங்கள் கை கழுவிவிட்டுப் பிரிக்கிற சாதி. இந்தப் பத்து வருஷத்தில் ஒரு கடதாசிக்கும் நான் மாறு செய்ததில்லை. ஊருக்குப் போகும்போது மண்டபம் நோய்ச் சோதனை முகாமில் நாக்கை நீட்டு என்றால் நீட்டுவேன், சட்டையைக் கழற்று என்றால் கழற்றுவேன். டிஸ்பென்சரியிலிருந்து கந்தகம் கொண்டு வந்து அலுமாரித் தட்டில் வைத்தேன்.

கனகம் கடதாசியையும் பார்த்தாள், கந்தகத்தையும் பார்த்தாள். "இஞ்சருங்கோ, ஒரு ஈப்பெட்டிக்காகப் பிள்ளையைத் துலைக்கப் போறியளோ?" என்றாள்.

"நான் என்ன செய்ய? எழுதியிருக்கு."

"எழுதினவன் பெட்டியைக் கண்டவனோ?"

வாதத்தில் தோற்றால் நான் கோபிப்பேன். கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன். ஊரை விட்டு வந்தவனுக்கு இருக்கிறது இந்த ஒரு பிள்ளை. அவள் வாயிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு போய்விட்டது, ஊர் போய்விட்டது, இனி நானும் போய்விட்டால் அவளுக்கும் எனக்கும் நடுவில் என்ன மிஞ்சும்?

5

அந்தச் சனிக்கிழமை அரைநாள் லீவு. வீட்டுக்கு வந்தால், சரசுவின் பெட்டிக்குப் பக்கத்தில் அஞ்சலை காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள், அவள் மடியில் சரசுவின் தலை. பேன் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் பேனுக்கு வைத்தியம் வேறு. ஊரில் என் தாயார் அன்னமுன்னா விதையை, அதுதான் இங்கே சீத்தாப்பழம் என்கிறார்களே, அந்த விதையை அரைத்துத் தங்கச்சிமார் தலையில் பூசிக் கட்டிவிடுவா. கண்ணில் பட்டு அவர்கள் கத்தினது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நான் அதைவிட நாகரிகமடைந்து மண்ணெண்ணெய்க்கு வந்திருந்தேன்.

"தலையெல்லாம் வெந்து போய் கீது பாரு" என்று என்னைக் கண்டதும் அஞ்சலை பிடித்துக்கொண்டாள். "ரெண்டு கண்ணு கீது, பத்து வெரலு கீது. எடுத்துப் போட்டா போவுது. நீ இன்னாத்துக்குக் கொயந்த தலைல மண்ணெண்ணெய ஊத்தற? எல்லாத்துக்கும் ஊத்தறதே உனுக்கு வேல."

மனிசி திட்டினால் திருப்பித் திட்டலாம். அஞ்சலை திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன்.

அப்போதுதான் சரசு படுத்தபடியே பெட்டித் திரையை விலக்கினாள். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். திடீரென்று எழும்பி, "அப்பா! இங்க வாங்க! அதுங்களும் பேன் பாக்குதுங்க!" என்று கத்தினாள்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அப்பா என்ற சொல். எனக்கு உண்ணியும் தெரியவில்லை ஈயும் தெரியவில்லை, முதலில் அந்தச் சொல்தான் கேட்டது. பிறகு குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு வேலைக்கார ஈ உடம்பை உதறிக்கொண்டு நின்றது. முதுகில் அந்தச் சிவப்பு. காலால் எட்டி எட்டிப் பார்த்தது, எட்டவில்லை. திரும்பவும் உதறியது. உடனே பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. இன்னும் இரண்டு வந்தன. அது செட்டையை விரித்து அசையாமல் நின்றது. வந்தவை முதுகையும் சிறகிடுக்கையும் வாயால் துழாவின. ஒன்று எதையோ கவ்வி இழுத்தது. அவ்வளவுதான், எல்லாம் தங்கள் தங்கள் வேலைக்குப் போய்விட்டன.

அஞ்சலையும் எட்டிப் பார்த்தாள். "பார்ரா! நம்ம ஊட்டு வேல அதுங்களுக்கும் தெர்ஞ்சிகினு கீது" என்று சந்தோஷத்தில் என் தோளிலேயே ஒரு அடி போட்டாள்.

நான் கம்பவுண்டர். ஒரு தரம் கண்டதை நம்பமாட்டேன். வெள்ளைக் கடதாசியில் தேங்காயெண்ணெய் தடவி, சரசுவிடம் அனுமதி கேட்டு, ஆமாம், கேட்டுத்தான், பெட்டியின் அடிப்பலகையில் விரித்தேன். அடுத்த நாள் காலமை கடதாசியில் ஒன்பது உண்ணி விழுந்து ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்தேன். ஒன்றுக்கு முன்கால் இரண்டும் இல்லை. ஒன்றுக்கு ஒரு பக்கமே இல்லை. ஒன்றின் ஓட்டில் பல்லால் கடித்தது போல் ஒரு பள்ளம். ஒன்பதில் ஆறு கடிபட்டுச் செத்தவை.

அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும். பெட்டியில் பிறக்கப்போகிற வேலைக்கார ஈக்களின் அறைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். அங்கே உண்ணியைக் காணவில்லை. ஆண் ஈக்களின் அறைகளில் மட்டும்தான் குடியிருந்தது. அங்கேயும் அளவோடு. ஆண் ஈக்களின் பருவம் முடிய முடியக் கடதாசியில் விழுகிற தொகையும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு போத்தல் இல்லை, ஒரு துளி இல்லை, ஒரு டாக்டர் இல்லை. ஒருத்தி உதறினால் மூன்று பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். என் பெட்டியிலும் இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கும். நான்தான் அவர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் விஷத்தை வைத்துத் துரத்திவிட்டேன். சரசுவிடம் இதை அப்படியே சொன்னேன். ஒரு தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம்மிடையே இல்லை. கேட்டேன். அவள், "சரி வுடுங்கப்பா" என்றாள்.

6

மிச்சமிருந்தது அந்தப் படிவம். பதினைந்து நாளில் இரண்டு நாள்தான் பாக்கி. அழிக்கப்பட்ட தேதி என்று ஒரு இடம். அழிக்காவிடில் காரணம் என்று, ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியாதபடி, ஒரு சின்ன இடம். பேனாவைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். அரசாங்கத்துக்கு இல்லை என்று எழுத என் கைக்குப் பழக்கமில்லை.

"உரிமையாளர்தானே எழுதணும்? பெட்டி என்னுது" என்று சரசு படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் மெதுவாய் எழுதினாள். அழிக்கப்பட்ட தேதி: அழிக்கவில்லை. காரணம்: ஈக்களே உண்ணிகளைக் கடித்து எடுக்கின்றன. நான் பார்த்தேன். என் தகப்பனாரும் பார்த்தார். இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தால் ஏறி மேலே போனது. கால் போன உண்ணிகள் இருபதை டிஸ்பென்சரியில் மாத்திரை வருகிற ஒரு குளிசைப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கினாள். பெட்டியின் மேல் 'சாட்சி' என்று எழுதினாள்.

அவள் வயது குறைந்தவள், ஆகையால் நான் கீழே கையெழுத்து வைக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. வாங்கி ஒருமுறை முழுக்க வாசித்தேன். பெயர், சரஸ்வதி. தகப்பன் பெயர், சரி. அதற்குக் கீழே, சொந்த ஊர்: அடையாறு.

பேனா என் கையில்தான் இருந்தது. ஒரு கோடு இழுத்து யாழ்ப்பாணம் என்று எழுத எவ்வளவு நேரம்? நெஞ்சு நொந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாய் நொந்தது. அவள் எதிரில்தான் இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிழை ஒன்றும் விட்டதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. திரையை விலக்கித் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகம் என் தோளுக்கு மேலால் எட்டி எல்லாவற்றையும் வாசித்தாள். சொந்த ஊர் என்ற வரியை விரலால் ஒருமுறை தொட்டாள். நைனா என்ற ஒரு சொல்லுக்குக்கூட அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள்.

"எழுத்து வடிவாயிருக்கு. கையெழுத்தை வையுங்கோ, தபால் போயிடும்" என்றாள்.

வைத்தேன்.